பின்வாசல் வழியாகப் போன ஜெனரல்

லிண்டன்வெர்டர்,
(புதிய முகவரிப்படி: ட்ரெப்பனோ நகராட்சி, லிண்டன்வெர்டர் பகுதி. எழுதும்போதே பேனா முகம் சுளிக்கிறது.)
மார்ச் 2009, வெள்ளிக்கிழமை காலை

பூமி உருண்டையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் என் அன்பு மகள் அல்மூத்துக்கு,

உன் ஒரே சித்தப்பாவும், ஓடர் கால்வாயின் முன்னாள் சக்கரவர்த்தியும், நாற்பது ஆண்டுக் காலம் மதகைத் திறந்து மூடிக் கப்பல்களை வானத்துக்கும் பாதாளத்துக்கும் அனுப்பி வைத்தவனுமாகிய எவால்ட் எழுதிக்கொள்வது. நான் நலம். இடது முட்டி மட்டும் சொந்தமாக ஒரு வானிலை நிலையம் நடத்துகிறது. நீயும் நலம், சிலி நாட்டு ஆடுகள் அத்தனையும் நலம் என்று நம்புகிறேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை பெர்லினில் உன் அப்பாவின் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். இதயத்தில் ஒரு வால்வு பழுது. தினமும் செய்கிற வேலைதான் என்கிறார்கள் டாக்டர்கள். அவர்களுக்குத் தினமும், நமக்கு இருப்பது ஒரே ஒரு லோத்தார். அதற்கு முன்னால் நீ வர வேண்டும். கடிதம் இவ்வளவுதான், மீதியெல்லாம் அலங்காரம். ஆனால் அலங்காரம் இல்லாமல் உன் சித்தப்பா என்றைக்கு வாயைத் திறந்திருக்கிறான்?

போனில் சொல்லியிருக்கலாம். அப்பா பேச்சை எடுத்ததும் நீ போனை வைத்துவிடுவாய். கடிதத்தையும் நீ கீழே வைக்கலாம்தான், ஆனால் அது மேசையிலேயே கிடந்து உன்னை முறைக்கும். எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை என்பதையும் தெரிந்துகொள். இது அவர் காதுக்குப் போனால், என் ஒருவனுக்காகவே ராணுவ நீதிமன்றத்தை மறுபடி கூட்டிச் சுவரோரம் நிற்க வைத்துவிடுவார்.

உன் அப்பாவின் வரலாறு உனக்குத் தெரியும் என்பாய். நீ அதை மகளாகப் பார்த்தாய். தம்பியாகப் பார்த்தவன் நான், அதுவும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

போர் முடிந்ததும் எங்கள் அம்மா ஒரு பங்கீடு செய்தாள். மேற்கே மாட்டிக்கொண்ட அப்பாவுக்கு மூத்தவன், கிழக்கே நின்றுவிட்ட தனக்கு இளையவன். ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பதைப் போலத்தான் கொடுத்தாள். உன் அப்பா அங்கே புதிய ராணுவத்தில் சேர்ந்தார். டாங்கிக்குள் புகுந்தவர் ஜெனரலாகத்தான் வெளியே வந்தார். நடுவில் சாப்பிடக்கூட வெளியே வரவில்லை என்று ஊரில் பேச்சு. நானும் சும்மா இருக்கவில்லை. கிழக்கே இருந்த எதிர்ப்படையின் சமையல் கூடத்தில் ஒன்றரை வருடம் உருளைக்கிழங்கு உரித்தேன். உன் அப்பாவின் டாங்கிகள் எல்லை தாண்டி வராமல் தடுத்து நிறுத்தியது என் கத்திதான். வரலாற்றுப் புத்தகங்கள் இதை எழுதப் பயப்படுகின்றன.

பிறகு பெர்லின் சுவர் விழுந்தது. எங்கள் பக்கத்துப் பாசறைகளை மூடிப் பூட்டுப் போட மேற்கிலிருந்து ஒரு ஜெனரலை அனுப்பினார்கள். வந்து இறங்கியவரைப் பார்த்தால் எங்கள் அம்மாவின் மூக்கு. மூக்குக்குப் பின்னால் ஆறடி இரண்டு அங்குலத்துக்கு உன் அப்பா. என்னைப் பார்த்ததும் சல்யூட் அடிக்கக் கை பாதி தூரம் போய்விட்டது. அப்புறம் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் தொப்பியைச் சரிசெய்தார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி கட்டித் தழுவிய அழகு அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றதும் நம் மாநிலத்தில் அவரை உள்துறை மந்திரி ஆக்கினார்கள். போலீஸ், தீயணைப்புப் படை, ஊர் எல்லைகள், எல்லாம் அவர் கையில். அந்தப் பெரிய வெள்ளத்தின்போது ரப்பர் பூட்ஸோடு நம் கரையில் நின்று மணல் மூட்டை தூக்கினார். ஓடர் ஆறே அவரைப் பார்த்து வெட்கப்பட்டுப் பின்வாங்கியது என்பேன். பேக்கரியில் அவர் பெயரில் ஒரு கேக் கூடப் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்துச் சிறிய ஊர்களையெல்லாம் பெரிய ஊர்களோடு சேர்க்கும் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் அவர். சேர்க்கப்பட்டது லிண்டன்வெர்டர். சேர்ந்த இடமோ ட்ரெப்பனோ! எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் கல்லெறிந்து விரட்டிய அதே ட்ரெப்பனோ. ஊர் எல்லையில் நின்ற மஞ்சள் பலகையில் இப்போது அவர்கள் பெயர் கொட்டை எழுத்தில், நம் பெயர் அதற்குக் கீழே அடிக்குறிப்பு மாதிரி. தண்ணீரிடமிருந்து காப்பாற்றிய ஊரை மையால் அழித்தார் மந்திரி. கேக்கின் பெயரை அன்றே மாற்றிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்கே திரும்பி வந்து குடியேற வேண்டும் என்று உன் அம்மா ஹெட்விக் போன பிறகு அவருக்குத் தோன்றியது. அவளை அடக்கம் செய்த அன்று நீ வந்தாய். குழிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் அவர், மாலை ரயிலுக்கு நீ போய்விட்டாய். அதற்கு மறுமாதம் அவர் இங்கே வீடு வாங்கினார்.

அவருடைய நாட்களைப் பற்றி எழுதுகிறேன். தினமும் காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரைக்குப் போய் அளவுக்கம்பத்தில் நீர்மட்டம் பார்ப்பார். யாரும் கேட்கவில்லை, அதற்குத் தனியாக இயந்திரமே இருக்கிறது. வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்து மட்டத்தை அறிவிப்பார். "நன்றி, மந்திரி அவர்களே, மக்கள் நிம்மதியாகத் தூங்கலாம்" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார். அவர் செய்கிற ஒரே போன் அதுதான், அவருக்கு வருகிற போன் எதுவும் இல்லை. மதியம் உருளைக்கிழங்கு அவித்து, தயிர்க்கட்டியும் ஆளிவிதை எண்ணெயும் விட்டுச் சாப்பிடுவார். ஒரு தட்டு. கழுவித் துடைத்து வைத்தால் மறுநாளும் அதே தட்டு. அலமாரியில் மற்ற தட்டுகளெல்லாம் அணிவகுப்புக்கு வந்த சிப்பாய்கள் மாதிரி உத்தரவுக்குக் காத்திருக்கின்றன. போனால் கண்ணில் படும். என் வீட்டு அலமாரியும் ஏறக்குறைய அப்படித்தான், அது வேறு கதை.

வியாழக்கிழமை மாலை மட்டும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு 'மூன்று நாரைகள்' மதுக்கடைக்கு ஸ்காட் ஆடப் போவார். உங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் அப்பா, அம்மா, நீ என்று மூவரும் ஆடிய அதே சீட்டாட்டம். மூன்று கை இல்லாமல் ஸ்காட் இல்லை. ஒருவர் தனியாக நிற்பார், இரண்டு பேர் சேர்ந்து அவரை மடக்குவார்கள். எங்களுக்குத்தான் நான்கைந்து வருடமாக மூன்றாவது கை அமையவில்லை. ஆகவே இருவர் ஆடும் வகை ஒன்று இருக்கிறதே, 'ஆபீசர் ஸ்காட்', அதை ஆடுகிறோம். கூட உட்கார ஆள் கிடைக்காத ஏதோ ஒரு ஆபீசர்தான் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். மூன்றாவது நாற்காலியில் எங்கள் கோட்டுகள் உட்கார்ந்திருக்கும்.

இங்கே வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். மதுக்கடைக்குள் வருகிறவன் ஒவ்வொருவராகக் கைகுலுக்க மாட்டான். மேசை மேசையாகப் போய் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். அந்த மேசையில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம் ஆயிற்று. டொக் டொக் என்று வேட்டைக்காரர்கள் மேசை, டொக் டொக் என்று தீயணைப்புப் படை, டொக் டொக் என்று புறா வளர்ப்போர் சங்கம். எங்கள் மேசை வந்ததும் அந்தக் கை பாக்கெட்டுக்குள் போய்விடும். ஒருவர்கூடத் திட்டியதில்லை. திட்டினால் பதில் சொல்லலாமே! தட்டாமல் போகிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் உன் அப்பாவின் கை சீட்டை ஒரு கணம் மேசையில் கவிழ்க்கும், தட்டு விழுந்தால் நிமிர்ந்து தலையசைக்கத் தயாராக. பிறகு மறுபடி சீட்டை எடுப்பார். அந்த ஒரு கணத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் நான் அவ்வளவு பொய்களை அவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன்.

இனி நேற்று நடந்தது.

பாஷ்கே அம்மா வந்தாள். லிண்டன்வெர்டரின் கடைசி மேயர். ஊரோடு சேர்த்து அவள் பதவியும் போயிற்று. அவள் குரலுக்குக் கோயில் மணிகள் தானாக அசையும், பால் திரியும். வழக்கம்போல எல்லா மேசையையும் தட்டிக்கொண்டே போனாள், எங்களைத் தாண்டினாள், தன் மேசைக்குப் போய் நின்றாள். அவளோடு ஆடுகிற இரண்டு கிழவர்களுக்கும் காய்ச்சல், வரவில்லை. அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து எங்கள் கோட்டுகளைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் மேசையத் தட்டல. ரெண்டு பேரும் நல்லாக் கவனிச்சுக்குங்க. மரியாதைக்கு வரல, சீட்டுக்கு வந்திருக்கேன். சீட்டு இல்லாத வியாழக்கிழமை எனக்குத் தூக்கம் வராது."

"தட்டாமலே உட்காரலாம், மேயர் அம்மா" என்றார் உன் அப்பா.

"மேயரா? அந்தப் பதவிய யாரோ ஒரு மந்திரி தின்னுட்டாரே, தெரியாதா? கலைச்சுப் போடுங்கய்யா."

கலைத்துப் போட்டார். பழக்கத்தில் முதலில் இரண்டே பங்கு வைத்தார். மூன்று பேருக்குப் பங்கு போடுவதை எத்தனையோ வருடமாக மறந்திருந்த கை. முதல் ஆட்டம் அவள் ஜெயித்தாள், இரண்டாவதும் அவளே. மூன்றாவதில் உன் அப்பா தனியாக நின்றார், நானும் அவளும் ஒரு கட்சி. நம் குடும்ப நிலவரம் எப்போதும் இதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயிக்கிறவளுக்கு வாய் நீளும். "பின்வாசல் மந்திரி இன்னிக்கு முன்வாசல்லயே மாட்டிக்கிட்டாரு!" என்றாள். அது ஊரில் அவருக்கு வைத்த பெயர். பலகையை மாற்றிய அன்று ஊரே ரோட்டில் இறங்கி, நகர மன்றத்துக்கு முன்னால் குறுக்கே படுத்துக்கொண்டது. பாலர் பள்ளிப் பிள்ளைகளைக்கூட வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். மந்திரியின் கார் வந்தது, நின்றது, திரும்பி ஆலைச் சந்து வழியாகச் சுற்றிப் பின்வாசலில் நுழைந்தது. ஊர் அவரை மன்னிக்காதது கையெழுத்துக்காகக்கூட இல்லை. அதற்காகத்தான்.

"வெள்ளத்தப்போ முழங்கால் தண்ணியில நின்ன மனுஷன்தானே நீங்க? அன்னிக்கு இறங்கி எங்க மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? எங்களத் தாண்டி உள்ள போயிருந்தாக்கூடத் திட்டிட்டு விட்டிருப்போம். பயந்துட்டீங்களா?"

உன் அப்பா சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "தாண்ட மாட்டேன்" என்றார்.

"என்ன?"

"படுத்திருந்தாங்க. அதுல குழந்தைங்க வேற. படுத்திருக்கிற பிள்ளையத் தாண்டினா அதுக்கப்புறம் அது வளராது. எங்க அம்மா சொல்லுவாங்க. எவால்டக் கேளுங்க."

கேட்கவே வேண்டாம், நானே சாட்சி. எனக்கு மூன்று வயதிருக்கும்போது சமையலறைத் தரையில் படுத்திருந்த என்னை இவர் தாண்டிவிட்டார். எங்கள் அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து ஊர் மாடுகள் கன்று போட்டன. வந்த வழியே திரும்பத் தாண்டினால் தோஷம் போய்விடும் என்று இவரைப் பிடித்து இழுத்து வந்து மறுபடி தாண்ட வைத்தாள். இவர் அரைகுறையாகத் தாண்டியிருக்கிறார். அதனால்தான் நான் இவர் தோளுக்குக் கீழே நின்றுபோனேன், இல்லாவிட்டால் மேகத்துக்கு மேலே என் தலை இருந்திருக்கும். இதையெல்லாம் நான் விரித்துச் சொன்னேன். பாஷ்கே அம்மா சிரித்த சிரிப்பில் கோப்பைகள் ஆடின.

"டாங்கிப் படை ஜெனரலு! அணுகுண்டுக்குப் பயப்படல, அம்மா சொன்ன கதைக்குப் பயந்து சந்துல பூந்துட்டாரு!"

அவர் சிரிக்கவில்லை. கவிழ்த்த சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு தடவை அப்படிப் போயிருக்கேன். உங்க ஊரு ரெண்டாவது. முதல் தடவை என் பாசறை வாசல்ல. ஏவுகணை வேண்டாம்னு படுத்திருந்தாங்க, நூறு நூத்தம்பது பேரு. கதவுக்கு நேரா என் பொண்ணு. மழை. மத்தவங்க எல்லாம் தொப்பி போட்டிருந்தாங்க, இவ மட்டும் போடல. சிப்பாய்ங்க வழி பண்ணித் தரோம், நடுவுல தாண்டிப் போயிடலாம்னாங்க. கார்லேர்ந்து இறங்கினேன். கால் தூக்க வரல."

பாஷ்கே அம்மா மெதுவாகக் கேட்டாள், "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு அப்போ?"

"இருபத்து நாலு."

"அதுக்கு மேல எங்கய்யா வளரப் போறா?"

"தெரியும்" என்றார் உன் அப்பா. "எனக்கும் தெரியும். கால் தூக்க வரல."

அல்மூத், இதை நான் அலங்கரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் மிகைப்படுத்தாமல் எழுதிய ஒரே பத்தி இது. அன்றைக்கு அவர் உன்னை ஏறெடுத்தும் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போனார், ஒரு புழுவுக்குத் தருகிற மதிப்பைக்கூட உனக்குத் தரவில்லை என்று நீ எனக்கு எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உன் தலையில் தொப்பி இல்லை என்பதுவரை பார்த்திருக்கிறார் என்பது நேற்றுவரை எனக்கும் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும், அவர் இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். ஒரு ஜெனரல் எந்த வாயால் சொல்வார்?

பாஷ்கே அம்மா கொஞ்ச நேரம் தன் சீட்டை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கிய சீட்டு. பிறகு கையை நீட்டி மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். டொக் டொக்.

"லேட்டாத்தான் வந்திருக்கேன். போடுங்க, உங்க முறை" என்றாள்.

கடை முழுக்கக் கேட்டது. உடனே ஊரே எழுந்து வந்து கட்டிப்பிடித்தது என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. அப்படி எதுவும் இல்லை. தீயணைப்புப் படைக்காரர்கள் முதுகைக் காட்டியபடியே குடித்தார்கள், புறாக்காரர்கள் புறா பேசினார்கள். விழுந்தது அந்த ஒரு டொக் டொக் மட்டும். உன் அப்பா நிமிர்ந்து, வருடக்கணக்காகத் தயாராக வைத்திருந்த அந்தத் தலையசைப்பை அசைத்தார்.

கிளம்பும்போது பாஷ்கே அம்மா, "அடுத்த வியாழன் என் கிழவனுங்க வந்தாலும் வரட்டும், உங்கள இன்னொரு தடவ தோக்கடிக்கணும்" என்றாள். அப்போதுதான் உன் அப்பா, கோட்டில் கையை நுழைத்துக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில், "ஈஸ்டர் வரைக்கும் வருவேன். அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் வர முடியாது, ஒரு வால்வு மாத்தணும்" என்றார். "டாங்கிக்கா?" என்று நான் கேட்டேன். என் வாழ்நாளின் மிக மட்டமான நகைச்சுவை அது. "ஆமா, பழைய மாடல்" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஆபத்து ஏதும் உண்டா என்று கேட்டேன். டாக்டர் சொன்னதை ஒப்பித்தார். அல்மூத்துக்கு எழுதட்டுமா என்றேன். தன் வீட்டு வாசல்வரை நடந்து வந்தார். "அவளுக்கு ஆடு குட்டி போடுற நேரமா இருக்கும், தொந்தரவு பண்ணாத" என்றார். உங்கள் ஊரில் இப்போது இலையுதிர் காலம், ஆடு குட்டி போடுவது வசந்தத்தில் என்று நீதான் எனக்கு எழுதியிருக்கிறாய். அவரிடம் நான் திருத்தவில்லை. அங்கே ஆடுகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசித்தபடிதான் அவ்வளவு தூரமும் நடந்திருக்கிறார், அதைக் கெடுப்பானேன்?

இன்று காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. நீர்மட்டம் சற்று ஏறியிருக்கிறதாம், கவலைப்பட ஒன்றும் இல்லையாம். நன்றி சொன்னேன், மக்களைத் தூங்கவும் சொன்னேன். வைத்த பிறகு ஒரு யோசனை வந்தது. ஈஸ்டருக்கு மறுவாரம் ஏழு மணிக்கு இந்தப் போன் அடிக்காது. ஒரு வாரமோ, இரண்டு வாரமோ. எழுபத்திரண்டு வயதில் சக்கரவர்த்திகளுக்குக் காலையில் என்ன வேலை இருக்கிறது, சொல். உடனே உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

என் மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். சிலந்திகளுக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று, ஒன்றிரண்டு வழக்குப் போட்டிருக்கின்றன. ஈஸ்டருக்கு முந்தைய வியாழனுக்குள் வந்தால் நேராக 'மூன்று நாரைகள்' வந்துவிடு. நீ எதுவும் பேச வேண்டாம், அவரும் பேச மாட்டார், பேச்சு என்கிற துறையை நான் ஒருவனே கவனித்துக்கொள்வேன். மேசையை இரண்டு தட்டுத் தட்டு, போதும். பாஷ்கே அம்மா நாற்காலியை விட்டுக்கொடுக்க மாட்டாள், நான் எழுந்துகொள்கிறேன்.

விமானம் தாமதமாகி அந்த வியாழனைத் தவறவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வா. அங்கே அவர் படுத்திருப்பார், அல்மூத். வாசலுக்கு நேராக, வழி மறித்துக்கொண்டு, அன்றைக்கு நீ படுத்திருந்த மாதிரி. பின்வாசல் வழியாக மட்டும் போய்விடாதே.

பெர்லினில் ஏப்ரல் மாதம் மழை பெய்யும். தொப்பி போட்டுக்கொண்டு வா.

உன் சித்தப்பா
எவால்ட்